எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்?

வெள்ளி, இரவு

தாம்பரத்து வீட்டின் மேசைக்கடியில் நிற்கும் அந்தக் கணினி இதுவரை வருமான வரிக் கணக்கையும் மகளின் பள்ளி ப்ராஜெக்ட்டுகளையும் தாண்டி எதற்கும் வியர்த்ததில்லை. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட டவர். உள்ளே இன்டெல் ஐ5-4590, 8 ஜி.பி. ராம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. வங்கியில் வேலை பார்க்கும் வீட்டுக்காரருக்கு அது தேவைப்படவும் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மைத்துனர் “எனக்கு இது சும்மாதான் கிடக்குது மாமா” என்று தன் குவெஸ்ட் 2 மெய்நிகர் (வி.ஆர்.) ஹெட்செட்டை வைத்துவிட்டுப் போனதும் வினை தொடங்கியது. பீட் சேபர் போன்ற ஆட்டங்களை ஹெட்செட் தன் சொந்த மூளையிலேயே ஓட்டிவிடும். பதினொன்றாம் வகுப்பு மகள் கேட்டதோ ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’. வால்வ் நிறுவனம் 2020 மார்ச்சில் வெளியிட்ட அந்த ஆட்டம் கணினி இல்லாமல் நடக்காது.

ஸ்டீம் விளையாட்டுத் தளம் இலவசமாகத் தரும் வி.ஆர். சோதனையை வீட்டுக்காரர் ஓட்டிப் பார்த்தார். முள் சிவப்பை விட்டு அசையவில்லை. அசையாததில் வியப்பும் இல்லை. சாதாரண முழு எச்.டி. திரைக்கு நொடிக்கு 60 படம் என்றால் கணினி வரைய வேண்டியது சுமார் 12 கோடி புள்ளிகள். குவெஸ்ட் 2-இன் திரை ஒரு கண்ணுக்கு 1832-க்கு 1920. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 70 லட்சம் புள்ளிகள். குறைந்த வேகமான 72 ஹெர்ட்ஸிலேயே நொடிக்கு 50 கோடியைத் தொட்டுவிடுகிறது. அதையும் நேரத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைப்பது 13.9 மில்லிநொடி, 90 ஹெர்ட்ஸ் வைத்தால் 11.1. டிவியில் ஆடும்போது ஒரு பிரேம் தவறினால் யாருக்கும் தெரியாது. இங்கே தலை திரும்பியிருக்கும், படம் திரும்பியிருக்காது. வயிறு உடனே புகார் சொல்லும். சராசரி வேகத்தை மட்டும் காட்டும் யூடியூப் ஒப்பீடுகளை நம்பி வி.ஆருக்குக் கார்டு வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஆறுதலாக ஒன்று கண்ணில் பட்டது. 2015 மே மாதம் ஆக்குலஸ் நிறுவனம் தன் முதல் ரிஃப்ட் ஹெட்செட்டுக்குப் பரிந்துரைத்த பிராசஸர் இதே ஐ5-4590. கார்டு, ஜிடிஎக்ஸ் 970. அதாவது மேசைக்கடியில் கிடந்தது ஒருகாலத்தில் வி.ஆருக்கென்றே சிபாரிசு பெற்ற சிப்.

சனி, காலை

எந்தக் கார்டு?

அலிக்ஸ் கேட்கும் குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 1060 அல்லது ஆர்எக்ஸ் 580, அதிலும் 6 ஜி.பி. நினைவகம். செகண்ட் ஹேண்டில் 1060 எங்கும் கிடைக்கிறது. ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புது ஆட்டங்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. இன்று காசு கொடுத்து வாங்குபவர் யோசிக்க வேண்டிய விஷயம்.

புதிதாகவே வாங்கலாமே என்று பார்த்தால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கண்ணைக் கவரும். பழைய கணினிக்காரர்களுக்கு அது ஒரு கண்ணி. பிசிஐ எக்ஸ்பிரஸில் நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்தும் கார்டு அது. நான்காம் தலைமுறை போர்டில் சமாளிக்கும். மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் போட்டால் அந்த வழியின் அகலம் பாதியாகிவிடும். இன்னொரு குறை அதைவிடப் பெரிது. குவெஸ்ட், பழைய ரிஃப்ட் போல எச்.டி.எம்.ஐ. வழியாகப் படம் வாங்குவதில்லை. கணினி வரைந்ததைக் கார்டு வீடியோவாகச் சுருக்கி யு.எஸ்.பி. ஒயரில் அனுப்ப வேண்டும். அந்தச் சுருக்கும் வேலைக்கான என்கோடரே 6500 எக்ஸ்டியில் கிடையாது! இன்டெல் ஆர்க் கார்டுகளும் சரிப்படாது. அவை ரீசைசபிள் பார் என்ற வசதியை எதிர்பார்ப்பவை. 2014 காலத்து போர்டில் அதற்கு இடமில்லை.

ஆர்டிஎக்ஸ் 3060 நல்ல கார்டுதான். ஆனால் 170 வாட் கேட்கும். நாலே கோர் உள்ள பழைய பிராசஸர் அதற்கு வேலை கொடுத்தே மாளாது. கடைசியில் நின்றது 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். 6 ஜி.பி., 125 வாட், நல்ல என்கோடர், டிரைவரும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

சனி, மதியம்

பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சிந்தாதிரிப்பேட்டை வெயிலில் நடந்து, ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு முனையில் செகண்ட் ஹேண்ட் கார்டுகளை அடுக்கி வைத்திருந்த கடை.

“1660 சூப்பர் இருக்கா தம்பி?”

“கார்டு கிடக்கட்டும் சார். எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்?”

கணினிக்கு மின்சாரம் தரும் அந்தப் பெட்டியைச் செல்போனில் படமெடுத்து வந்திருந்தார், காட்டினார். 290 வாட். கடைக்காரப் பையன் படத்தைப் பெரிதாக்கி இரண்டு இடங்களைத் தொட்டான். கார்டுக்குப் போகும் எட்டு முனை ஒயர் அதில் கிடையாது. மதர்போர்டுக்குப் போகும் ஒயரும் எல்லாக் கணினியிலும் இருக்கும் 24 முனை இல்லை, அந்தக் கம்பெனியின் சொந்த எட்டு முனை. பார்வைக்கு இரண்டு எட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மாற்றிச் செருகினால் போர்டு போச்சு.

கணக்கு எளிது. ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். மீதி ஐம்பதுக்குத் தனி ஒயர் வேண்டும். பிராசஸர் 84, கார்டு 125. டிஸ்க், ராம், விசிறி எல்லாம் சேர்ந்தால் 250-ஐ நெருங்கும். 290 வாட் காகிதத்தில் போதும், வீட்டில் போதாது.

ஆகவே புது எஸ்.எம்.பி.எஸ்., 24 முனையை எட்டு முனையாக்கும் கன்வெர்ட்டர் ஒயர் ஒன்று. கடையில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்ட மலிவுப் பெட்டிகளும் இருந்தன. அவற்றின் பக்கவாட்டு லேபிளைத்தான் படிக்க வேண்டும். 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் பெருக்கிப் பார்த்தால் 216 வாட். பிராசஸரும் கார்டும் உறிஞ்சுவது அந்த வரிசையிலிருந்துதான். அதே 450 போட்ட தரமான பெட்டியில் 36 ஆம்பியர் இருந்தது. விலையில் உள்ள வித்தியாசம் அந்த ஒரு வரிதான்.

கார்டு கிரிப்டோ நாணயச் சுரங்கத்தில் உழைத்ததாக இருக்கலாம் என்ற சந்தேகமும் இருந்தது. எதேரியம் தோண்டியவர்களுக்கு 1660 சூப்பர் செல்லப்பிள்ளை. 2022 செப்டம்பர் 15 அன்று எதேரியம் தன் முறையை மாற்றியதும் அந்தத் தொழில் படுத்தது, கார்டுகள் சந்தைக்கு வந்தன. அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. சோதித்து வாங்கினால் போதும். பையன் ஃபர்மார்க் சோதனையை ஓடவிட்டுத் தேநீர் சொன்னான். வெப்பம் எழுபதுகளிலேயே நின்றது. விசிறி அச்சில் கரகரப்பில்லை. கூடவே டிடிஆர்3 ராம் 8 ஜி.பி. ஒன்று, அலிக்ஸ் 12 கேட்பதால்.

ஞாயிறு

ஹார்டு டிஸ்க் கூண்டு இடிக்குமோ என்ற பயம் வீண். ஒற்றை விசிறிக் கார்டு என்பதால் விரல் நுழைகிற இடம் மிஞ்சியது. ஸ்லாட்டின் ஓரத்துப் பிளாஸ்டிக் நாக்கு ‘டிக்’ என்று மேலேறியதும் திருகு. மானிட்டர் ஒயரை மதர்போர்டிலிருந்து எடுத்துக் கார்டில் மாட்டினார்.

சோதனையின் முள் இப்போது பச்சையில்.

“யு.பி.எஸ். தாங்குமா? அதைச் சொல்லுங்க முதல்ல” என்றார் மனைவி. நல்ல கேள்வி. வீடுகளில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தருவது பெரும்பாலும் 360 வாட். வாட் போதும். ஆனால் மலிவு யு.பி.எஸ். பேட்டரியில் ஓடும்போது தருவது ஒழுங்கான அலை அல்ல. சில புது எஸ்.எம்.பி.எஸ்.கள் அதைக் கண்டதும் நின்றுவிடும். மெயினை அணைத்துப் பார்த்தார்கள். நிற்கவில்லை.

இரவு மகள் அலிக்ஸில் நுழைந்தாள். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு கண்ணாடிச் சுவர், பக்கத்தில் மார்க்கர்கள். எடுத்து எழுதலாம். சிட்டி 17-இன் கண்ணாடியில் தன் பெயரைத் தமிழில் எழுதி, ‘ழ’வின் வால் சரியாக வரவில்லை என்று அழித்தாள்.

புதன்

சண்டைக் காட்சிகளில் கை ஓரங்கள் நெளிகின்றன. பிரேம் நேர வரைபடத்தைத் திறந்தால் காரணம் தெரிகிறது. கார்டின் கோடு பத்து மில்லிநொடியைச் சுற்றி அமைதியாகப் போகிறது. பிராசஸரின் கோடுதான் அவ்வப்போது எகிறுகிறது. எகிறும்போதெல்லாம் ஹெட்செட்டின் மென்பொருள் வேகத்தைப் பாதியாக்கி, நடுவிலுள்ள படத்தை ஊகித்து நிரப்புகிறது. ஊகம் தவறும் இடமே அந்த நெளிவு. பின்னணியில் ஓடிய ஆன்டிவைரஸ் ஸ்கேனையும் பிரவுசரையும் மூடி, 90-ஐ 72 ஹெர்ட்ஸாக இறக்கியதும் நெளிவு பெரும்பாலும் போய்விட்டது.

இதற்கு மேல் கார்டை மாற்றிப் பயனில்லை. இந்தப் பிராசஸருக்கு விண்டோஸ் 11-ம் அதிகாரபூர்வமாகக் கிடையாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. மகள் அடுத்து விமானம் ஓட்டும் ஆட்டம் கேட்கிறாள். அதற்கு போர்டும் பிராசஸரும் மாற வேண்டும். அப்போது கார்டும் எஸ்.எம்.பி.எஸ்ஸும் புதுப் பெட்டிக்குப் போய்விடும், டிடிஆர்3 ராமும் கன்வெர்ட்டர் ஒயரும் போகாது. ரிச்சி தெருப் பையனிடம் போனில் விசாரித்தார். ராமைத் திருப்பி எடுத்துக்கொள்கிறானாம், பாதி விலைக்கு.