வாஷ் கரையில் ஓதம் ஏறும் நேரம்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நார்ஃபோக்கும் லிங்கன்ஷயரும் சந்திக்கும் இடத்தில் கடல் நிலத்துக்குள் புகுந்து அகன்று கிடக்கிறது. அந்த விரிகுடாவின் பெயர் வாஷ். விதம், வெலண்ட், நீன், கிரேட் ஊஸ் ஆகிய நான்கு ஆறுகளும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுவது இங்கேதான். ஓதம் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. கோடையில் மணலும் நீலக் கடலும் தேடி வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு வேறு கடற்கரைக்குப் போய்விடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் இதே சேற்றைத் தேடி ஆட்கள் விடியாத இருட்டில் எழுந்து வருகிறார்கள். அவர்களுக்கு முன்பே லட்சக்கணக்கான பறவைகள் வந்து சேர்ந்திருக்கும்.

லண்டனில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்கள் சிலர் ஒரு ஜனவரி மாதத்தில் வாஷின் கிழக்குக் கரையிலுள்ள ஸ்னெட்டிஷாம் காப்பகத்துக்குப் போனார்கள். கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து கிங்ஸ் லின் வரை ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். முந்தின இரவே போய்த் தங்கிவிடுவது நல்லது. ஏனென்றால் இங்கே நேரத்தை முடிவு செய்வது கடிகாரம் இல்லை, ஓதம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக உயரமாக ஏறுகிறது. வாஷில் அந்தப் பெரிய ஓதங்கள் பெரும்பாலும் அதிகாலையிலும் அந்தியிலும் வருகின்றன. எந்தெந்த நாளில் வந்தால் முழுக் காட்சியும் கிடைக்கும் என்று காப்பகமே ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் கிளம்பினால் தொலைவில் ஓடும் கடலையும் வெறும் சேற்றையும் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

காப்பகத்தை நடத்துவது ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம். தொப்பியில் சொருகும் இறகுக்காகக் கொக்குகளையும் முக்குளிப்பான்களையும் கொன்று குவித்த வியாபாரத்தை எதிர்த்து, 1889இல் மான்செஸ்டரை அடுத்த டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் என்ற பெண் அதைத் தொடங்கினார். பெண்கள் ஓட்டுரிமை இல்லாமலே நடத்திய இயக்கம் அது. இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் 1921இல் வந்தது. பறவை பார்க்கும் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பறவைகள் கூடும் குட்டைகளுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடை. பாதையில் தேங்கிய நீர் உறைந்து காலடியில் நொறுங்குகிறது. வாடை முகத்தை அறுக்கிறது. கம்பளித் தொப்பி, இரண்டு அடுக்குக் கையுறை, ஃபிளாஸ்கில் சூடான தேநீர், எல்லாம் வேண்டும். ஜனவரியில் சூரியன் எட்டு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும். அதற்கு முன்பே தலைக்கு மேல் சத்தம் தொடங்கிவிடுகிறது. ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் குஞ்சு பொரித்துவிட்டு வந்த இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் இரவெல்லாம் சேற்றுவெளியில் தங்கிவிட்டு, வரிசை வரிசையாக உள்நாட்டு வயல்களுக்குப் பறக்கின்றன. சர்க்கரைப் பீட் அறுவடையில் விவசாயிகள் வெட்டிப் போட்ட தலைப்பகுதிகளும் இலைகளும்தான் அவற்றின் காலை உணவு.

வெளிச்சம் வந்தபோது கடல் ஏறிக்கொண்டிருந்தது. சேற்றின் விளிம்பு நிமிடத்துக்கு நிமிடம் குறுகியது. சாம்பல் நிறப் பறவைகள் தண்ணீருக்கு முன்னால் ஓடி ஓடி, ஓட இடமில்லாமல் நெருங்கி நின்றன. குழுவில் இளையவன் திடீரென்று கை நீட்டினான்.

"அக்கா, அங்க பாருங்க, புகை மாதிரி என்னமோ எழும்புது!"

"புகை இல்லடா தம்பி. அத்தனையும் பறவை."

அவை நாட் எனப்படும் உள்ளான்கள். கிரீன்லாந்திலிருந்தும் கனடாவின் வடகோடித் தீவுகளிலிருந்தும் வருபவை. வாஷில் பல்லாயிரக்கணக்கில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மேலே பொரி வல்லூறு ஒன்று வந்ததும் கூட்டம் மொத்தமும் ஒரே கணத்தில் திரும்பியது. முதுகு தெரிந்தால் கருமை, வயிறு தெரிந்தால் வெண்மை. அந்த மின்னலில் வல்லூறால் ஒற்றைப் பறவையைக் குறிவைக்க முடியவில்லை. பாய்ந்தது, வெறுங்காலோடு போனது. கூட்டம் தலைக்கு மேல் கடந்தபோது குரல் எதுவும் கேட்கவில்லை, சிறகுகளின் இரைச்சல் மட்டுமே கேட்டது.

சேறு முழுவதும் மூழ்கியதும் பறவைகள் கரையைத் தாண்டி உட்புறக் குட்டைகளுக்கு வந்து இறங்குகின்றன. இயற்கை உண்டாக்கிய குட்டைகள் அல்ல அவை. இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுதளம் போடக் கூழாங்கல் அள்ளிய பள்ளங்கள். 2013 டிசம்பர் 5 இரவு வந்த கடல் கொந்தளிப்பு இந்தக் கரையைப் புரட்டிப் போட்டு, பறவை பார்க்கும் மரக்குடில்களையும் நாசமாக்கியது. அதற்குப் பிறகு புதிதாகக் கட்டினார்கள்.

குடிலுக்குள் உட்கார்ந்து டெலஸ்கோப்பில் கண் வைத்தால் கண்ணாடியில் மூச்சு படிகிறது, துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். நாட் உள்ளான்கள் தோளோடு தோள் இடித்து நிற்கின்றன. ஒரு கால் வயிற்று இறகுக்குள், அலகு முதுகு இறகுக்குள். பக்கத்துப் பறவை இடித்தால் மடக்கிய காலை இறக்காமல் ஒற்றைக் காலிலேயே தத்தித் தள்ளிப்போகின்றன. வெப்பம் வெளியேறும் இடங்கள் காலும் அலகும்தான், அவற்றைக் காற்றில் நீட்ட மனம் வராது. அந்த அலகின் நுனியில் அழுத்தத்தை உணரும் நரம்பு முடிச்சுகள் நிறைந்திருக்கின்றன. ஈர மணலில் அலகைக் குத்தும்போது நீரில் எழும் அழுத்தம், புதைந்த சிப்பி இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கிறது. தொட வேண்டிய அவசியம்கூட இல்லை. டச்சு ஆய்வாளர் தியூனிஸ் பியர்ஸ்மாவின் குழு 1998இல் இதை விளக்கியது. பிடித்த சிப்பியை ஓட்டோடு விழுங்கி இரைப்பையில் நொறுக்குகிறது இந்தப் பறவை.

குளிரில் பறவையின் வாழ்க்கை கறாரான வரவு செலவுக் கணக்கு. சேறு திறந்திருக்கும் சில மணி நேரத்தில் உண்பது வரவு. உடல் சூடும் ஒவ்வொரு சிறகடிப்பும் செலவு. கடுங்குளிரில் புழுக்களும் சிற்றுயிர்களும் ஆழத்துக்குப் போய்விடும், அல்லது அசையாமல் கிடக்கும். 1991 பிப்ரவரியில் அப்படி ஆனபோது வாஷில் கரைப்பறவைகள் பெருமளவில் செத்து ஒதுங்கின. பவளக்காலிகளுக்குத்தான் பெரிய அடி. இங்கே வாத்து வேட்டை சட்டப்படி நடக்கிறது. ஆனாலும் உறைபனி இரண்டு வாரம் அளவுக்கு நீடித்தால் வேட்டையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க 1981ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. பசியோடு இருக்கும் பறவையைக் கிளப்புவதே கொலைக்குச் சமம் என்பதை ஏற்றுக்கொண்ட நல்ல ஏற்பாடு.

நண்பர்கள் பிற்பகலில் நார்ஃபோக்கின் வடக்குக் கரைக்குப் போனார்கள். டிட்ச்வெல், இன்னும் கிழக்கே கிளே. 1926இல் நானூறு ஏக்கருக்கு மேல் வாங்கி உருவாக்கிய கிளே சதுப்புநிலம்தான் பிரிட்டனில் மாவட்டந்தோறும் இன்று இயங்கும் வனவுயிர் அறக்கட்டளைகளுக்கு முன்னோடி. டிட்ச்வெல்லின் உப்பங்கழிப் புல்லில் பிரென்ட் வாத்துகள் குடும்பம் குடும்பமாக மேய்ந்தன. சைபீரியாவின் டைமிர் தீபகற்பத்தில் பிறப்பவை. சிறகில் வெள்ளைக் கோடுகள் இருந்தால் அந்த வருடக் குஞ்சு. கூட்டத்தில் எத்தனை குஞ்சு என்று எண்ணினால் டைமிரில் கோடை எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம். லெம்மிங் எலிகள் பெருகிய ஆண்டில் நரி அவற்றைத் தின்னும், குஞ்சுகள் பிழைக்கும். எலிகள் குறைந்த ஆண்டில் நரி கூடுகளுக்குத் திரும்பும்.

இதே கணக்கு நம் ஊருக்கும் பொருந்தும். ஆர்க்டிக் சைபீரியாவில் கூடு கட்டும் கர்லூ சாண்ட்பைப்பர் என்ற வளைந்த அலகு உள்ளான்தான் குளிர்காலத்தில் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரைக்கும் வருகிறது. டைமிரில் நரிக்குப் பசி எடுத்த வருடத்தில் பிரென்ட் குஞ்சும் குறைகிறது, இந்த உள்ளானின் குஞ்சும் குறைகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் இட்டு வருகிறது. வாஷில் 1959 முதல் அதே வேலை நடக்கிறது. வாஷிலும் கோடியக்கரையிலும் காணக்கூடிய சாம்பல் உப்புக்கொத்தியும் கர்லூ சாண்ட்பைப்பரும் 2024இல் அழியும் ஆபத்துள்ளவை என்று உலகச் சிவப்புப் பட்டியலில் மேலே ஏற்றப்பட்டன.

எனவே ஒரு வேண்டுகோள். வாஷுக்குப் போகிறவர்களும் சரி, மார்கழியில் கோடியக்கரைக்குப் போகிறவர்களும் சரி, கடல் உச்சத்தில் இருக்கும் அந்த ஓரிரு மணி நேரம் நீரோரம் நடக்காதீர்கள். நாயைக் கயிற்றில் கட்டி வையுங்கள். பறக்கும் படம் வேண்டுமென்று கூட்டத்தைக் கிளப்பாதீர்கள், ட்ரோனும் வேண்டாம். நல்ல பைனாகுலரோடு ஒரே இடத்தில் உட்காருங்கள். ஓதம் ஏற ஏறப் பறவைகள் தாமாகவே பக்கத்தில் வரும்.