நாற்பத்து மூன்று இடங்கள்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்கள் எங்கள் காசிமேட்டு விசைப்படகுகள் கடலேறுவதில்லை. அத்தகைய தடைக்காலம் ஒன்றில், அப்பாவின் மீன்பிடி இடங்களை என் கணிப்பானில் பதியத் தொடங்கினேன்.

அது வரைபடம் காட்டும் கணிப்பான்; நிரல் எழுதவும் இயலும். கப்பலில் பணியாற்றிய மாமா தந்த பழைய கருவி. 1985இல் கேசியோ வெளியிட்ட முதல் வரைபடக் கணிப்பானில் நிரலுக்குக் கிடைத்த இடம் 422 பைட்டுகளே. என்னுடையதில் அதைப்போலப் பன்மடங்கு இருந்தது. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். இக்கணக்கைக் கொண்டு இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட தொலைவைச் சொல்லும் நிரலை எழுதினேன். உப்பு ஈரம் அரித்த அப்பாவின் குறிப்பேட்டிலிருந்து 43 இடங்களையும் ஏற்றினேன். இனி எதற்கென்று குறிப்பேட்டைப் பழைய தாள்களோடு போட்டுவிட்டேன்.

சில நாள் கழித்து, நண்பன் தந்த விளையாட்டு நிரலை இயக்கினேன். திரை உறைந்தது. மின்கலங்களைக் கழற்றி மாட்டியபோது, நினைவகம் அழிக்கப்பட்டது என்னும் அறிவிப்பு மட்டும் தோன்றியது.

காரணம் பின்னர் விளங்கியது. கணினியில் ஒரு நிரல் மற்றொன்றின் எல்லைக்குள் நுழையாதபடி காவல் உண்டு; இவ்வெளிய கருவியில் அக்காவல் இல்லை. இயந்திர மொழி நிரல் தவறான முகவரியில் ஓர் எண்ணை எழுதினாலும் முழு அமைப்பும் சரியக்கூடும். மின்சாரம் இன்றியும் காக்கும் ஃபிளாஷ் நினைவகம் அதே கருவியில் இருந்தது. அங்கே ஒரு படி வைக்க எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. அவர் சினக்கவில்லை. "நம்பர்தான் போச்சு, எடம் அங்கியேதான் கீதுப்பா" என்றார். பிறகு கண்களை மூடிக்கொண்டு, எத்திசையில் எவ்வளவு நேர ஓட்டம், எத்தனை பாகம் ஆழம், அடியில் சேறா பாறையா என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லத் தொடங்கினார். நான் எழுதினேன். தடைக்காலம் முடிந்ததும் அவ்வழியே தேடிச்சென்று 31 இடங்களை மீட்டார். எஞ்சிய 12, தாத்தா காட்டியவை. அப்பா அரிதாகவே சென்றவை.

அந்த 31 இடங்களும் இன்று ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு படியாகவும், கணினியில் மற்றொன்றாகவும், புதிய குறிப்பேட்டில் மூன்றாவதாகவும் இருக்கின்றன. குறிப்பேட்டின் இறுதியில் 12 வரிகளை வெறுமையாக விட்டிருக்கிறேன். அப்பா கடலிலிருந்து திரும்பும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறேன்.