கேனோவில் 76 லிட்டர்

ஃப்ளோரிடாவின் தென்முனை, ஜனவரி. எவர்கிளேட்ஸ் சிட்டியிலிருந்து ஃபிளமிங்கோ வரை 99 மைல் நீர்த்தடம். மச்சானும் நானும், ஒரு கேனோ, 9 நாள்.

*

ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் தண்ணீர் என்பது இங்கே கணக்கு. காற்று மடக்கிப்போட்டால் என்று ஒரு நாள் கூடுதல். ஆக 20 காலன், 76 லிட்டர். சதுப்புநிலத்துக்குத் தண்ணீர் சுமந்து போகிறோம்! சுற்றிலும் உவர்நீர், வாயில் வைக்க முடியாது. கெட்டியான கேன்தான் வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக்கை ரக்கூன் கடித்துக் குடித்துவிடும். அதற்கும் தாகம்தானே.

*

கரை என்று ஒன்று பல இடங்களில் கிடையாது. ராத்தங்கல் ‘சிக்கி’யில்: தண்ணீருக்கு மேலே கால் நட்ட பலகை மேடை, 10க்கு 12 அடி, மேலே கூரை. செமினோல் பழங்குடியினரின் வீட்டுக்கு உரிய பெயர் அது. முளை அடிக்க மண் இல்லாததால் கூடாரத்தைத் தூணோடு கயிறு போட்டுக் கட்டினோம். பொங்கும்போது மச்சான் அரிசியைக் களையப் போனார். கையைப் பிடித்தேன். ஒன்பது நாளும் களையாத அரிசிச் சோறுதான்.

நடுராத்திரி பலகைக்குக் கீழே யாரோ பெருமூச்சு விட்டது போல் ஒரு சத்தம். டால்பின். மூன்று முறை கேட்டது, பிறகு இல்லை. விடியும்வரை நான் தூங்கவில்லை. தூங்க மனம் வரவில்லை.

*

வாட்சன்ஸ் பிளேஸ். எட்கர் வாட்சன் கரும்பு போட்டுப் பாகு காய்ச்சிய மேடு. 1910இல் சோக்கலஸ்கியில் ஊர்க்காரர்களே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கதையைவிட என்னை நிறுத்தியது அங்கே கிடக்கும் மழைநீர்த் தொட்டி. இங்கே குடியிருக்க நினைத்தவன் முதலில் வானத்தைத்தான் நம்பியிருக்கிறான்.

*

ஆறாம் நாள், ‘நைட்மேர்’. பிராட் ஆற்றுக்கும் ஹார்னி ஆற்றுக்கும் இடையே ஒடுங்கிய கால்வாய். ஏற்றத்தில் மட்டுமே வழி விடும். வற்றத்தில் மாட்டினால் சேற்றில் அடுத்த ஏற்றம்வரை இருக்க வேண்டியதுதான். வெளியே இரண்டு மணி நேரம் காத்திருந்து நுழைந்தோம். துடுப்பு வீச இடமில்லை. வேரைப் பிடித்துப் பிடித்து இழுத்தே போனோம். பிச்சாவரத்துச் சுரபுன்னைக்குப் பங்காளி மரம் இது. அதே முட்டுக்கால் வேர். விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைப் பிஞ்சாகத் தொங்கி, என் தோளில் இடித்தது.

*

ஷார்க் ஆறு. வடக்கே புல்வெளியில் மெல்ல நகர்ந்து வரும் நன்னீர் கடல் சேரும் வாய் இது. அந்த நீரை மேலே கால்வாய் வெட்டித் திருப்பினார்கள். 1928இல் திறந்த டாமியாமி சாலை குறுக்கே அணையாகவே நின்றது. நன்னீர் குறைந்தால் உப்பு உள்ளே ஏறுகிறது. 2013இல் அந்தச் சாலையில் ஒரு மைல் நீளத்துக்குப் பாலம் போட்டுத் தண்ணீருக்கு வழி விட்டார்கள். நல்ல காரியம், ஆனால் எண்பத்தைந்து வருடம் தாமதம்.

*

போகிறவர்களுக்கு: டிசம்பர் முதல் மார்ச் வரை போங்கள், மழைக்காலக் கொசுவில் ஒரு ராத்திரி தாங்காது. ஓத அட்டவணையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் நாள் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். எட்டாம் நாள் காற்றில் நாங்கள் அரை நாள் நகரவே இல்லை. ஃபிளமிங்கோவில் இறங்கும்போது கேனில் 3 லிட்டர் இருந்தது.