இழப்பு எங்கள் பக்கம்

பாடசாலை விட்ட பிறகு நாங்களும் பிள்ளைகளும் 31 ரக ஃபெரைட் வளையமொன்றில் கோஆக்சியல் கேபிளைச் சுற்றிப் பார்த்தோம். எல்.ஈ.டி. மின்குமிழ்களின் இரைச்சல் கேபிளின் பின்னல் உறைக்கு வெளிப்புறமாக ஓடி ரேடியோவுக்குள் வரும். சிற்றலையில் தூரத்துக் குரல்கள் அதில் அமிழ்ந்துவிடும். வளையம் உள்ளே போகும் சிக்னலைத் தொடாது, வெளியே ஓடும் இந்த மின்னோட்டத்தை மட்டும் மறிக்கும். அதனால் மீட்டரை உறையின் இரு முனைகளுக்கும் கொடுத்தோம்.

4 சுற்றை 8 ஆக்கினோம். இன்டக்டன்ஸ் ஏறக்குறைய 4 மடங்கானது, பிள்ளைகளுக்குச் சந்தோஷம். 100 மைக்ரோஹென்றி என்று வைத்தால், சூத்திரப்படி 7 மெகாஹேர்ட்ஸில் சுமார் 4400 ஓம். ஆனால் மீட்டர் அளந்தது 1 கிலோஹேர்ட்ஸில். மீடிறன் ஏற ஏற ஃபெரைட்டின் குணம் மாறும். சுற்றுகளுக்கிடையிலான கொள்ளளவமும் குறுக்கிடும். இம்பீடன்ஸை அந்த மீடிறனிலேயே, நனோ வி.என்.ஏ. போன்ற கருவியால்தான் அளக்கவேண்டும்.

அப்படி அளந்தால் 7 மெகாஹேர்ட்ஸில் பெரும்பங்கு தடையாகவே தெரியும். அதுதான் ஃபெரைட்டின் இழப்பு. தூண்டல் பங்கைக் கேபிளின் கொள்ளளவப் பங்கு கழித்துவிடலாம். தடையை அப்படிக் கழிக்க முடியாது. இரைச்சல் வெப்பமாகிப் போய்விடும்.

இழப்பென்றால் கெட்டது என்று எழுதிப் பழகிய பிள்ளைகளே, இங்கே அது எங்கள் பக்கம். மீட்டர் ஓர் எண்ணைக் காட்டினால் முதலில் கேளுங்கள்: எந்த மீடிறனில்?