33 எழுத்தில் ஒரு வார்த்தை



போன மாதம் ஆங்கில வகுப்பில் 'ரெஸ்பான்ஸிபிலிட்டி' என்ற வார்த்தையில் நான் மூன்று முறை திக்கி நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லோரும் சிரித்தீர்கள். அன்றிலிருந்து டீச்சர் வாசிக்கச் சொன்னால், தொண்டை வலி என்று பொய் சொல்லி வந்தேன்.

கப்பலில் வேலை பார்க்கும் என் மாமா லீவில் வந்தார். அம்மா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மாமா சிரிக்கவில்லை. நெதர்லாந்தில் ராட்டர்டாம் துறைமுகத்தில் ஒருவர் சொல்லிக் கொடுத்த டச்சு வார்த்தையை என் நோட்டில் எழுதினார். நடுவில் இடைவெளியே இல்லை. எண்ணிப் பார்த்தேன், 33 எழுத்து!

"இதை எப்படி மாமா வாசிக்கிறது?"

"பனங்கிழங்க முழுசா முழுங்குவியா? ஒடிச்சுத்தானே திங்கிற? இதையும் ஒடி" என்றார்.

முதலில் மூன்று துண்டு. 'அர்பெய்ட்' என்றால் வேலை. 'ஒன்ஹெஸ்கிக்ட்ஹெய்ட்' என்றால் தகுதி இல்லாமை. 'வெர்ஸேகெரிங்' என்றால் காப்பீடு. துண்டுகளை ஒட்ட நடுவில் ஒரு 'ஸ்' வரும். வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கான காப்பீடு என்று அர்த்தம். 1966-ல் அந்த நாட்டில் இதே பெயரில் ஒரு சட்டம் போட்டார்களாம்.

பிறகு அசை அசையாக ஒடித்தோம்: அர்-பெய்ட்ஸ்-ஒன்-ஹெ-ஸ்கிக்ட்-ஹெய்ட்ஸ்-வெர்-ஸே-கெ-ரிங். பத்தே அசை! முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். 'ஹெ' என்பதை, தொண்டையைக் காறுவது போலச் சொல்ல வேண்டும். எனக்கு இருமலே வந்துவிட்டது!

ஒடிக்கிற இடமும் முக்கியம். 'வல்கெய்ல்' என்று ஒரு வார்த்தை. 'வல்-கெய்ல்' என்று பிரித்தால் விலங்கு பிடிக்கிற குழி. 'வல்க்-எய்ல்' என்று பிரித்தால் வல்லூறும் ஆந்தையும் ஆகிவிடும்! நம் 'பலகை', 'பல கை' ஆவது மாதிரிதான்.

மறுநாள் பாடப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டேன். ரெஸ்-பான்-ஸி-பி-லி-ட்டி. ஆறே துண்டு. போன வாரம் நானே எழுந்து வாசித்தேன். நாலாவது துண்டில் கொஞ்சம் நின்றேன். டீச்சர் காத்திருந்தார். முடித்துவிட்டேன்.

இனி யாராவது திக்கினால் சிரிக்காதீங்க. எங்கே ஒடிக்கணும்னு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்க.

- 9-ஆம் வகுப்பு மாணவி