பாட்டனார் வைத்துப்போன ரேடியோ

பாட்டனார் விட்டுச் சென்ற ஆஸ்தியில் மிஞ்சியது, தரையிலே அலமாரிபோல் நிற்கும் ஒரு வால்வு ரேடியோப் பெட்டிதான். 1947 ஆகஸ்டு 14 நள்ளிரவில் நேருஜியின் பிரசங்கத்தை அவர் இதில்தான் கேட்டார் என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் மறுக்காத ஐதிகம்.

பெயர்த் தகடு எப்போதோ உதிர்ந்துவிட்டபடியால், வயதை அறிய வால்வுகளையே நம்ப வேண்டியதாயிற்று. இசிஎச் 81, இஎல் 84 என்று கண்ணாடியில் எழுதியிருந்தது. முதலெழுத்தாகிய 'இ', உள்ளிருக்கும் இழை 6.3 வோல்ட்டில் எரியும் என்பதற்கு அடையாளம். 8-ல் தொடங்கும் எண், அடியில் ஒன்பது ஊசிகள் உண்டு என்பதற்கு. இந்த ரக வால்வுகளோ 1950-க்குப் பிறகே கடைக்கு வந்தவை! பின்னால் யாரேனும் மாற்றியிருக்கலாமே என்பீர்கள். ஒன்பது துளைக் குழிகளையும் ஆதியிலேயே தகட்டில் அறைந்திருந்தார்களே, அதற்கு என்ன சொல்வது?

பழுது பார்ப்பதில் அவசரம் உதவாது. பழைய மெழுகுக் காகிதக் கண்டென்ஸர் கசிந்தால், இஎல் 84 அளவு மீறி மின்சாரத்தை இழுத்துத் தானும் கெட்டு, டிரான்ஸ்பார்மரையும் கெடுத்துவிடும். ஆகையால் கண்டென்ஸர்களை முதலில் மாற்றினேன். பிறகு 60 வாட் பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்து மின்சாரம் கொடுத்தேன். பல்பு பளிச்சிட்டு மங்கியது, சற்றைக்கெல்லாம் கரகரப்பு, அப்புறம் நாகஸ்வரம்!

அத்தையிடம் வருஷக் கணக்கைச் சொல்லத்தான் தைரியம் வேண்டியிருந்தது. சொன்னேன். 83 வயதாகும் அத்தை வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் அது எதிர்வீட்டு ரேடியோவாக இருக்கும். உன் தாத்தா தெருவில் நின்றே கேட்டார். அவர்கள் கூப்பிட்டும் திண்ணை ஏறவில்லை. நான் அவர் தோளில் இருந்தேன்" என்றார்.