ஒரு குவளை நீர்

நுழையும்முன்

தில்லியில் படிக்கும் ஒரு மாணவியும் அவளுடைய பாட்டியும் மேற்கொண்ட நெடுந்தொலைவு விமானப் பயணத்தைப் பற்றியது இக்கட்டுரை. திருநெல்வேலிப் பகுதியில் பாட்டியை ‘ஆச்சி’ என்று அழைப்பர். நாமறிந்த மொழி பிறருக்கு எப்போது துணையாகிறது என்பதை எண்ணியவாறே படியுங்கள்.

சான்பிரான்சிஸ்கோவில் வாழும் அத்தைக்குப் பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. உடனிருந்து கவனிக்க ஆச்சி செல்வதென முடிவாயிற்று. அதுவரை திருநெல்வேலிக்கும் தில்லிக்கும் இடையே தொடர்வண்டியில் மட்டுமே பயணம் செய்தவர் அவர். தந்தைக்கும் தாய்க்கும் அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. கோடை விடுமுறையில் இருந்த பேத்தியே துணைக்குப் புறப்பட்டாள்.

“ஆச்சிக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. அவர்களுக்கு நீதான் வாய்” என்று விமான நிலைய வாயிலில் தந்தை கூறினார். பேத்தி தலையசைத்தாள். ஆனால், அவளுடைய மனம் அப்போதே சாளரத்தை ஒட்டிய இருக்கையில் போய் அமர்ந்துவிட்டது.

தில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ 12,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ளது. இடையில் எங்கும் இறங்காத விமானம் ஏறத்தாழ 16 மணி நேரத்தில் அங்குச் சென்றடைகிறது. 1948ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் மும்பையிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் முதல் விமானம், கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கித்தான் சென்றது. அக்காலத்தில் வானில் பறப்பது பெரும்பாலும் செல்வர்க்கே இயன்றது. 1952இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் விமானங்களில் குறைந்த கட்டண வகுப்பு ஒன்று அறிமுகமாயிற்று. இருக்கைகளை நெருக்கி அமைத்து மிகுதியான பயணிகளை ஏற்றினால் ஒவ்வொருவரின் கட்டணமும் குறையும் என்பதே அதன் கணக்கு. இன்றைய எகானமி வகுப்பு அதன் வழிவந்தது. ஓர் இருக்கையின் முதுகுக்கும் முன்னிருக்கையின் முதுகுக்கும் இடையே பெரும்பாலும் 31 அங்குலத்தை ஒட்டிய அளவே இருக்கும். முழங்கால், கைப்பை, உணவுத் தட்டு, உறக்கம் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

மூன்று இருக்கைகள் கொண்ட வரிசையில் சாளரத்தருகே பேத்தி அமர்ந்தாள். நடுவில் ஆச்சி. நடைவழியை ஒட்டிய இருக்கையில் நடுத்தர வயதுடைய உயரமான ஒருவர் அமர்ந்தார். முழுச்சேவை விமானமாதலால் போர்வையும் தலையணையும் இருக்கையிலேயே வைக்கப்பட்டிருந்தன. உணவுக்கும் தனிக் கட்டணம் இல்லை. முன்கூட்டியே பதிவு செய்திருந்த சைவ உணவு, மற்றவர்களின் உணவுக்கு முன்னரே ஆச்சியின் கைக்கு வந்தது. அவரோ தட்டின் மூடியைத் திறக்கவில்லை.

“சாப்பிடுங்கள் ஆச்சி, ஆறிவிடும்” என்றாள் பேத்தி.

“பக்கத்தில் ஒருவர் வெறுங்கையோடு இருக்கும்போது எப்படியம்மா உண்பது? அவருக்கும் வரட்டும்.”

ஏறத்தாழக் கால்மணி நேரம் கழித்து அந்த மனிதருக்கு உணவு வந்தது. அதன் பிறகே ஆச்சி தம் தட்டைத் திறந்தார். அவர் அதைக் கவனித்தார், ஒன்றும் கூறவில்லை. உண்டு முடித்ததும் கண்களை மறைக்கும் துணிப்பட்டையை அணிந்துகொண்டு உறங்கிப்போனார்.

பணிப்பெண்கள் அவ்வப்போது நீர்க்குவளைகளைத் தட்டில் ஏந்தி வந்தனர். ஒவ்வொரு முறையும் ஆச்சி வேண்டாமெனக் கையசைத்தார். முன்னிருந்த திரையில் பேத்தி திரைப்படம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் மணி நேரத்தில் ஆச்சி அவளுடைய கையை மெல்லத் தொட்டார்.

“கழிப்பறைக்குப் போக வேண்டும், அம்மா. அவர் உறங்குகிறாரே, என்ன செய்வது?”

“கொஞ்சம் பொறுங்கள் ஆச்சி, இந்தப் படம் முடியட்டும்.”

படம் முடிந்தது; இன்னொன்று தொடங்கியது. பேத்தி மறந்துபோனாள். ஆச்சி மீண்டும் கேட்கவில்லை.

விமானம் தரையிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது, வெளியிலுள்ள காற்றில் ஈரம் மிகக் குறைவு. அக்காற்றே அழுத்தப்பட்டு உள்ளே அனுப்பப்படுகிறது. ஆகவே, விமானத்தினுள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும். உதடும் தொண்டையும் விரைவில் உலரும். உள்ளே இருக்கும் காற்றழுத்தமும் தரையில் உள்ளது போன்றதன்று; ஏறக்குறைய உதகை போன்ற மலையூரில் இருப்பதற்கு ஒப்பானது. நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருந்தால் பாதங்கள் வீங்கும். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் கால் சிரைகளில் குருதி உறையும் வாய்ப்பும் கூடுகிறது. முதியோருக்கு அது இன்னும் மிகுதி. எனவேதான் நீர் அருந்துங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

எட்டாம் மணி நேரத்தில் பேத்தி கண்விழித்தாள். விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. பகலா இரவா எனத் தெரியாதபடி சாளரங்கள் அனைத்தும் மூடப்பட்டிருந்தன. ஆச்சி மட்டும் நிமிர்ந்து விழித்திருந்தார். அவருடைய உதடுகள் வெடித்திருந்தன. கீழே கழற்றி வைத்த செருப்புகளுக்கு அருகில், அவற்றுள் நுழைய இயலாத அளவுக்குப் பாதங்கள் வீங்கியிருந்தன. முன்னிருக்கையின் பையில், உணவுடன் தரப்பட்ட நீர்ப்புட்டி திறக்கப்படாமலே இருந்தது.

“நீர் குடிக்கவேயில்லையா, ஆச்சி?”

“குடித்தால் எழ வேண்டும். எழுந்தால் அவரை எழுப்ப வேண்டும். பாவம், அயர்ந்து உறங்குகிறார். இறங்கியதும் குடித்துக்கொள்கிறேன், அம்மா.”

இறங்குவதற்கு இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது. தந்தை சொன்ன சொல் பேத்தியின் நினைவுக்கு வந்தது. ஆச்சி கேட்காமல் இருந்துவிடவில்லை; ஒருமுறை கேட்டார். ‘பொறுங்கள்’ என்று அவரைத் தடுத்தது அவளுடைய சொல்தான். அதை எண்ணியபோது அவளுக்கு நெஞ்சு கனத்தது.

ஆயினும், முன்பின் அறியாத பெரியவர் ஒருவரை இருளில் எழுப்புவது எளிதாக இல்லை. சினந்துகொள்வாரோ என்ற அச்சம் இருந்தது. வகுப்பறையில் தயங்காமல் வரும் ஆங்கிலம் தொண்டையிலேயே நின்றது. இருமுறை கையை நீட்டி மடக்கிக்கொண்டாள். மூன்றாம் முறை அவர் தோளைத் தொட்டு, “மன்னியுங்கள் ஐயா, என் பாட்டி வெளியே செல்ல வேண்டும்” என்று ஆங்கிலத்தில் கூறினாள்.

அவர் கண்பட்டையை அகற்றிய மறுகணமே எழுந்து வழிவிட்டார்.

பேத்தி ஆச்சியின் கையைப் பிடித்து நடைவழியில் மெல்ல அழைத்துச் சென்றாள். கழிப்பறையின் மடிப்புக் கதவை எவ்வாறு திறப்பது, உள்ளே தாழை எப்பக்கம் தள்ளுவது என்பதைக் காட்டினாள். “தண்ணீர் விடும்போது பெரிய ஓசை வரும், அஞ்ச வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வாயிலிலேயே காத்து நின்றாள். அதன்பின் இருவரும் விமானத்தின் பின்பகுதி வரை நடந்தனர். பணிப்பெண் ஒருவரிடம் பேத்தி நீர் கேட்டு வாங்கித் தந்தாள். ஆச்சி ஒரு குவளையை இடைவிடாமல் குடித்து முடித்தார். பிறகு இன்னொன்று வேண்டுமெனச் சைகையால் கேட்டார்.

அவர்கள் திரும்பியபோது அந்த மனிதர் உட்காராமல் நடைவழியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“இந்த ஓரத்து இருக்கையில் உங்கள் பாட்டி அமரட்டும்” என்றார் அவர். “நான் உண்ணும் வரை இவர் எனக்காகக் காத்திருந்தாரே! கேட்டிருந்தால் முதலிலேயே மாறியிருப்பேன்.”

பேத்தி சற்றுநேரம் சாளரத்தைப் பார்த்தாள். பிறகு, “சாளரத்தருகே நீங்கள் அமருங்கள், ஐயா. அங்கே உங்கள் உறக்கத்தை யாரும் கலைக்க மாட்டார்கள். நான் நடுவில் அமர்கிறேன்” என்றாள். அவர் சொன்னதையும் தான் சொன்னதையும் ஆச்சிக்குத் தமிழில் எடுத்துரைத்தாள். ஆச்சி அந்த மனிதரை நோக்கிக் கைகூப்பினார்.

பன்னிரண்டாம் மணி நேரத்தில், எழுந்து செல்ல வேண்டிய தேவை அவருக்கு வந்தது. மிகுந்த தயக்கத்துடன் அவர் பேத்தியின் தோளைத் தொட்டார். அவள் கண்விழித்தபோது, ஆச்சி அதற்கு முன்பே எழுந்து நடைவழியில் நின்றிருந்தார். உறக்கம் கலைந்ததைப் பற்றிய வருத்தம் அவர் முகத்தில் சிறிதும் இல்லை. “போய் வரட்டும், அம்மா. இதற்கென்ன?” என்றார்.

பேத்தி அவரை உற்று நோக்கினாள். பிறருக்காக இவ்வளவு எளிதாக எழுந்து நிற்பவர், தமக்காகப் பிறரை எழுப்புவதைப் பெரும் பிழையாக எண்ணி எட்டு மணி நேரம் தாகத்தைப் பொறுத்திருக்கிறார்! அந்த மனிதரும் ஆச்சியைப் போன்றவர்தாம் என்பதை அறிய, ஒரே ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அதைச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

விமானம் இறங்கத் தொடங்கியபோது சாளரங்கள் திறக்கப்பட்டன. தில்லியில் விடியுமுன் புறப்பட்டவர்கள், அதே தேதியின் காலையில் சான்பிரான்சிஸ்கோவை அடைந்துகொண்டிருந்தனர். சாளரத்தருகே இருந்தவர் பின்னே சாய்ந்து, பேத்திக்கு விரிகுடாவைக் காட்டினார். அவளுக்குத் தெரிந்தது ஒரு கீற்று நீரும் சிறிது வெளிச்சமுமே. அப்போது நீர்த்தட்டுடன் பணிப்பெண் அவ்வழியே வந்தார். பேத்தி வாய்திறக்குமுன் ஆச்சி கையை உயர்த்தினார்.

“தண்ணீர்” என்றார் தெளிவாக.

பணிப்பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆயினும், புன்னகையுடன் குவளையை நீட்டினார்.

சொல்லும் பொருளும்

பேறுகாலம் – குழந்தை பிறக்கும் காலம்
சாளரம் – ஜன்னல்
விழுக்காடு – சதவீதம்
குருதி – இரத்தம்
அயர்ந்து – களைத்து
விரிகுடா – பெரும்பாலும் நிலத்தால் சூழப்பட்ட கடற்பகுதி

சிந்தித்து விடையளிக்க

1. தமக்கு முதலில் வந்த உணவை ஆச்சி ஏன் உடனே உண்ணவில்லை?
2. விமானத்தினுள் உதடும் தொண்டையும் விரைவில் உலர்வது ஏன்?
3. “அவர்களுக்கு நீதான் வாய்” – தந்தையின் இக்கூற்றைப் பேத்தி எப்போது உணர்ந்தாள்?
4. உங்கள் ஊரின் மொழி அறியாத உறவினர் ஒருவருக்காக நீங்கள் பேசிய நிகழ்வைப் பத்து வரிகளில் எழுதுக.